மூன்றாம் மாத ஸ்கேன்: அளவு சரியாக வர நீங்கள் செய்ய வேண்டியவை (பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு)

பன்னிரண்டாம் வாரத்தில் வயிற்றுக் குழந்தை உச்சந்தலையிலிருந்து புட்டம் வரை ஏறக்குறைய ஐந்தரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதன் பின்கழுத்துத் தோலுக்கு அடியில் தேங்கியிருக்கும் நீரின் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். இந்த இரண்டு சின்ன அளவுகளில் நீளத்தை வைத்துத்தான் பிரசவத் தேதி குறிக்கிறார்கள். இரண்டையும் வைத்து டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறுக்கான வாய்ப்பையும் கணக்கிடுகிறார்கள். அரை மில்லிமீட்டர் பிசகினால்கூட, நிம்மதியாக இருக்க வேண்டிய வீட்டில் இரண்டு வாரம் தூக்கம் போய்விடும். கவனிக்க வேண்டிய குழந்தை கவனிக்கப்படாமல் போவதும் நடக்கும்.

நான் பெங்களூரில் ஒரு ஸ்கேன் சென்டரில், ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தம்பதிகளுக்கு விளக்கிச் சொல்லும் வேலையில் இருக்கிறேன். எலக்ட்ரானிக் சிட்டி, கே.ஆர்.புரம், எஜிபுரா பக்கம் வேலைக்கு வந்து குடியேறிய தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். ஊரில் என்றால் அம்மாவோ அக்காவோ கூட வந்து, எதைக் கேட்க வேண்டுமோ அதைக் கேட்பார்கள். இங்கே இரண்டு பேர் மட்டும் நிற்கிறார்கள், ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணை மெஷின் சொன்ன முடிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். மெஷின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று மட்டும்தான் சொல்லும். புள்ளியை எங்கே வைப்பது என்பது டாக்டரின் கண்ணும் கையும். அந்தப் புள்ளி வைப்பதற்கு நல்ல படம் கிடைக்கவும், கணக்கில் சரியான விவரம் ஏறவும் உங்கள் பக்கத்திலிருந்து செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் தேதி

நாள் தள்ளிப்போனது தெரிந்ததும், கடைசி மாதவிடாயின் முதல் நாளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். முதல் நாள் என்றால் ரத்தப்போக்கு தொடங்கிய நாள். நம் வீடுகளில் தலைக்குக் குளித்த நாளைத்தான் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். அதைச் சொன்னால் கணக்கு மூன்று, நான்கு நாள் தள்ளிப்போகும். வரவேற்பில் 'லாஸ்ட் பீரியட்ஸ் யாவாக ஆய்து?' என்று கன்னடத்தில் கேட்பார்கள். அவசரத்தில் வாயில் வந்த தேதியைச் சொல்லாமல் அந்தத் தாளைக் காட்டிவிடுங்கள்.

தேதி நிச்சயமில்லை என்றால் 'நிச்சயமில்லை' என்றே எழுதச் சொல்லுங்கள். சுழற்சி 28 நாள் இல்லாமல் 35, 40 நாள் ஆகும், பி.சி.ஓ.டி. இருக்கிறது, போன மாதம்தான் கருத்தடை மாத்திரையை நிறுத்தினேன், முதல் குழந்தைக்கு இன்னும் பால் கொடுக்கிறேன், இப்படி எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். இந்த எல்லா நிலையிலும் மாதவிடாய் தேதியை வைத்துப் போடும் கணக்கு தவறக்கூடும். ஐ.வி.எஃப். செய்தவர்கள் கரு வைத்த தேதியையும் அது எத்தனை நாள் கரு என்பதையும் எழுதி எடுத்து வர வேண்டும். அவர்களுக்கு அதைவிட நம்பகமான தேதி வேறு கிடையாது.

ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஸ்கேன்

கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா, ஒன்றா இரண்டா, இதயத் துடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன் இது. குழந்தை அப்போது ஒரு சென்டிமீட்டர் சுற்றித்தான் இருக்கும் என்பதால் பெரும்பாலும் உள்வழியாகத்தான் பார்ப்பார்கள். 'டி.வி.எஸ்.' என்பார்கள். கூச்சமாக இருக்கும், ஆனால் குழந்தைக்கு இதனால் ஒரு ஆபத்தும் இல்லை. வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதைவிடப் படம் பல மடங்கு தெளிவாகக் கிடைக்கும். உள்வழி ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். மேல்வழிக்கு ஓரளவு நிறைந்திருக்க வேண்டும். எது என்று போனிலேயே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

'ஹார்ட்பீட் வரவில்லை' என்ற சொல்லைக் கேட்டதும் உடைந்துபோகாதீர்கள். தேதி ஒரு வாரம் முன்னே பின்னே இருந்தால், ஐந்தரை வாரக் குழந்தையை ஆறரை வாரம் என்று நினைத்துத் தேடியிருக்கலாம். உலகம் முழுக்க இன்று பின்பற்றும் வரம்பு இது: உள்வழி ஸ்கேனில் குழந்தையின் நீளம் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லை என்றாலோ, கருவைச் சுற்றிய பையின் சராசரி விட்டம் 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் உள்ளே குழந்தையே தெரியவில்லை என்றாலோதான் கரு கலைந்துவிட்டது என்று முடிவுக்கு வரலாம். முன்பு இந்த வரம்பு 6 மி.மீ., 20 மி.மீ. என்று இருந்தது. அந்த அளவில் முடிவு செய்தால் உயிரோடு இருக்கும் கருவையும் தவறாகக் கணக்கிட்டுவிடும் வாய்ப்பு இருப்பது தெரிந்து 2011-இல் பிரிட்டனில் உயர்த்தினார்கள். ஆகவே ரிப்போர்ட்டில் 4 மி.மீ., 6 மி.மீ. என்று இருந்தால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முன் எந்த மாத்திரையும் வேண்டாம். ஆனால் கடுமையான வயிற்றுவலி, மயக்கம், அதிக ரத்தப்போக்கு இருந்தால் மறு ஸ்கேன் வரை காத்திருக்காமல் உடனே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.

என்.டி. ஸ்கேனுக்கு எந்த நாள்

பின்கழுத்து நீரை அளக்கும் ஸ்கேனுக்கு 'என்.டி. ஸ்கேன்' என்று பெயர். 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரைதான் இதற்குக் காலம். இன்னும் சரியாகச் சொன்னால், குழந்தையின் நீளம் 45 மி.மீ.க்கும் 84 மி.மீ.க்கும் இடையில் இருக்க வேண்டும். அந்த நீளத்துக்குத்தான் 'சி.ஆர்.எல்.' என்று பெயர். 45-க்குக் கீழே இருந்தால் திரும்பி வரச் சொல்வார்கள். 84-ஐத் தாண்டினால் என்.டி.யை வைத்துக் கணக்குப் போட முடியாது.

பன்னிரண்டாம் வாரத்தின் நடுவில் நாள் வாங்குங்கள் என்பதுதான் என் யோசனை. தேதி நாலு நாள் பிசகியிருந்தாலும் காலத்துக்குள் இருப்பீர்கள், குழந்தை ஒத்துழைக்காவிட்டால் இன்னொரு நாள் வரவும் இடம் இருக்கும். அந்த வாரத்தில் மண்டை ஓடு, கை கால், வயிற்றுச் சுவர், சிறுநீர்ப்பை எல்லாம் ஓரளவு நன்றாகத் தெரியும். 13 வாரம் 5 நாளில் ஓடி வருபவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது. ஒருவேளை காலம் தவறிப்போனால் 15 வாரத்துக்கு மேல் குவாட்ருப்பிள் மார்க்கர் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. தாயின் ரத்தத்தில் குழந்தையின் டி.என்.ஏ.யைப் பார்க்கும் என்.ஐ.பி.டி.யும் இருக்கிறது.

எங்கே, யாரிடம்

கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-இல் வந்த பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி, கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்யும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும், செய்பவர் தகுதியுள்ள டாக்டராக இருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். அதோடு நிறுத்தாமல் நாலு கேள்வி கேளுங்கள். என்.டி. அளப்பதில் டாக்டருக்குப் பயிற்சிச் சான்று இருக்கிறதா? லண்டனில் உள்ள ஃபீட்டல் மெடிசின் ஃபவுண்டேஷன் கொடுக்கும் சான்று இதில் முக்கியமானது. அதை வைத்திருப்பவர் எடுத்த படங்களையும் அளவுகளையும் அவர்கள் அவ்வப்போது தணிக்கை செய்துதான் புதுப்பிக்கிறார்கள். அடுத்த கேள்வி: ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள்? பத்து நிமிஷத்துக்கு ஒரு ஆள் என்றால் எனக்கு நம்பிக்கை வராது. குழந்தை சரியாகப் படுக்காவிட்டால் காத்திருந்து மறுபடி பார்ப்பார்களா? ரிப்போர்ட்டோடு படமும் தருவார்களா?

கட்டணம் சென்டருக்குச் சென்டர் மாறும். பண வசதி குறைவு என்றால் கே.ஆர். மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் வாணி விலாஸ், சிவாஜிநகர் கோஷா போன்ற அரசு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அங்கே தமிழ் பேசும் ஊழியர்களும் கிடைப்பார்கள். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. என்.டி. அளவும், அதோடு சேர்த்துச் செய்யும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் அங்கே உண்டா, எத்தனை நாள் முன்பதிவு வேண்டும் என்பதை எட்டாம் வாரத்திலேயே விசாரித்து வையுங்கள்.

ஸ்கேன் நாள்

அடையாள அட்டை, டாக்டர் எழுதிய சீட்டு, முதல் ஸ்கேன் ரிப்போர்ட், கர்நாடகாவில் கர்ப்பத்தைப் பதிந்திருந்தால் அரசு தரும் தாயி கார்டு, இவ்வளவும் கையில் இருக்கட்டும். ஃபார்ம் எஃப் என்று ஒரு படிவம் நிரப்பி, குழந்தை ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று கையெழுத்துப் போடச் சொல்வார்கள். எல்லோருக்கும் பொதுவான நடைமுறை இது. உங்களைச் சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை. மாமியார் போனில் எவ்வளவு கேட்டாலும் சரி, டாக்டரிடம் அந்தக் கேள்வியைக் கொண்டு போகாதீர்கள். சொல்வது மட்டுமில்லை, கேட்பதும் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனை உண்டு.

வெறும் வயிறு தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே வாருங்கள். டபுள் மார்க்கர் ரத்தத்துக்கும் பட்டினி வேண்டாம். சுடிதார், சேலை என்று வயிற்றுப் பகுதியை எளிதாக விலக்கும் உடை வசதி. பெங்களூர் டிராபிக்கில் சில்க் போர்டைத் தாண்டி வருபவர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக் கிளம்புங்கள். அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். ஏனென்றால் இந்த ஸ்கேன் எப்போது முடியும் என்பதைக் குழந்தைதான் முடிவு செய்யும்.

திரையில் என்ன நடக்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் டாக்டர் ஏன் நேரம் எடுக்கிறார் என்று புரியும், பொறுமையும் வரும்.

முதலில் நீளம். குழந்தை பக்கவாட்டில் முழுதாக, நேராகப் படுத்திருக்க வேண்டும். தலையும் புட்டமும் இரண்டு முனையிலும் தெளிவாகத் தெரிய வேண்டும். குழந்தை சுருண்டு படுத்திருந்தால் அளவு குறைந்துவிடும். பன்னிரண்டாம் வாரத்தில் குழந்தை ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. வளர்கிறது. சுருண்ட நிலையில் 5 மி.மீ. குறைத்து அளந்தால் வயதில் மூன்று நாள் போய்விடும். இதற்கென்று கிளாஸ்கோவில் ராபின்சனும் ஃப்ளெமிங்கும் 1975-இல் வெளியிட்ட அட்டவணை இன்றைக்கும் பல மெஷின்களில் இருக்கிறது. வேறு மெஷினில் ஹாட்லாக் அட்டவணை இருக்கலாம். ஒரே நீளத்துக்கு இரண்டு சென்டரில் ஓரிரு நாள் வித்தியாசமாக வயது வந்தால் இதுகூடக் காரணமாக இருக்கும்.

அடுத்து என்.டி. லண்டனில் கிப்ரோஸ் நிக்கொலய்டஸ் குழுவினர் 1992-இல் இந்த நீருக்கும் குரோமோசோம் கோளாறுக்கும் உள்ள தொடர்பை எழுதினார்கள். அதற்குப் பிறகு அளக்கும் முறைக்குக் கறாரான விதிகள் வந்தன. தலையும் நெஞ்சின் மேல்பகுதியும் மட்டும் திரை முழுக்க வரும்படி பெரிதாக்க வேண்டும். சரியான நடுக்கோட்டுப் படமாக இருக்க வேண்டும். மூக்கு நுனி, மேலண்ணம், மூளையின் நடுப்பகுதி எல்லாம் ஒரே படத்தில் தெரிந்தால்தான் அது நடுக்கோடு. கழுத்து நேராக இருக்க வேண்டும். குழந்தை தலையைப் பின்னால் சாய்த்திருந்தால் அளவு 0.6 மி.மீ. வரை கூடும், தாடையை நெஞ்சில் ஒட்டி வைத்திருந்தால் 0.4 மி.மீ. வரை குறையும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே கறுப்பாகக் கொஞ்சம் நீர் தெரிந்தால் கழுத்து சரியான நிலையில் இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு சிக்கல் பனிக்குடச் சவ்வு. அதுவும் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும், தோலும் அப்படியேதான் தெரியும். சவ்வைத் தோல் என்று எண்ணி அளந்துவிட்டால் நீர் பல மடங்கு அதிகமாகக் காட்டும். அதனால் டாக்டர் குழந்தை ஒரு துள்ளு துள்ளட்டும் என்று காத்திருப்பார். குழந்தை நகரும்போது தோல் கூடவே போகும், சவ்வு அங்கேயே நிற்கும். 'கொஞ்சம் இருமுங்கம்மா', 'இடது பக்கம் திரும்புங்க', 'வெளியே நடந்துட்டு தண்ணி குடிச்சிட்டு வாங்க' என்று சொல்வதெல்லாம் குழந்தையை அசைய வைக்கத்தான். 'திரும்பி வா என்கிறார்களே, ஏதோ பிரச்சினை போல' என்று கண் கலங்கும் பெண்களை வாரந்தோறும் பார்க்கிறேன். திரும்பி வரச் சொல்லும் டாக்டர் அக்கறையான டாக்டர். தாடை ஒட்டிய படத்திலேயே ஏதோ ஒரு எண்ணைப் போட்டு அனுப்பிவிடுவது அவருக்கு மிகச் சுலபம்.

படம் சரியானதும், கறுப்பு இடைவெளி எங்கே அகலமாக இருக்கிறதோ அங்கே இரண்டு கூட்டல் குறிகளை வைப்பார். குறியின் குறுக்குக் கோடு வெள்ளைக் கோட்டின் உள் ஓரத்தில் அப்படியே கலந்து, தனியாகத் தெரியாதபடி உட்கார வேண்டும். கறுப்புக்குள் இறங்கினால் அளவு குறையும், வெள்ளையின் வெளி ஓரத்துக்குப் போனால் கூடும். ஒரு தடவைக்கு மேல் அளந்து, விதிக்கு உட்பட்ட படங்களில் கிடைத்த அதிகபட்ச அளவை எடுப்பார். இவ்வளவு கவனமாகச் செய்தும், நல்ல பயிற்சி உள்ள இரண்டு டாக்டர்களுக்கு நடுவே 0.6 மி.மீ. வரை வித்தியாசம் வரலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு இடத்தில் 1.5, இன்னொரு இடத்தில் 1.9 என்று வந்தால் யாரோ தவறு செய்தார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம்.

குழந்தையின் மூக்கெலும்பையும் பார்ப்பார்கள். தெரியவில்லை என்றால், குழந்தை இன்னும் சிறியதாக இருந்தால், ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது தெளிவாக வந்திருப்பதும் உண்டு.

ரத்தப் பரிசோதனைப் படிவம்

டபுள் மார்க்கரில் பேப்-ஏ, பீட்டா எச்.சி.ஜி. என்ற இரண்டு பொருள்களின் அளவைப் பார்க்கிறார்கள். இவை நாளுக்கு நாள் மாறுபவை. இந்த வாரங்களில் பேப்-ஏ ஏறிக்கொண்டே போகும், பீட்டா எச்.சி.ஜி. இறங்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ள கருவில் பொதுவாகப் பேப்-ஏ குறைவாகவும் பீட்டா எச்.சி.ஜி. அதிகமாகவும் இருக்கும். இப்போது பாருங்கள்: குழந்தையின் வயதை நாலு நாள் கூட்டிப் போட்டுவிட்டால், அந்த வயதுக்குப் பேப்-ஏ போதவில்லை, பீட்டா அதிகம் என்று தோன்றும். ஒரு கோளாறும் இல்லாத குழந்தைக்கு 'ஹை ரிஸ்க்' என்று வந்துவிடும். வயதைக் குறைத்துப் போட்டால் இதற்கு நேர்மாறு. அது இன்னும் மோசம். ஆகவே படிவத்தில் மாதவிடாய் தேதியை மட்டும் எழுதாமல், ஸ்கேனில் வந்த சி.ஆர்.எல். அளவும் ஸ்கேன் எடுத்த தேதியும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேன் முடிந்தபின் ரத்தம் கொடுப்பதே வசதி.

எடையை அன்றைக்கே, அங்கேயே ஏறி நின்று பாருங்கள். கல்யாணத்தின்போது பார்த்த 55 கிலோவைச் சொல்பவர்கள் பலர். இப்போது 68 இருக்கும். உடம்பு எடை கூடக் கூட இந்தப் பொருள்கள் ரத்தத்தில் நீர்த்துப்போகும், மென்பொருள் அதற்குத் தகுந்தபடி திருத்தும். எடை தவறினால் திருத்தமும் தவறும். பிறந்த தேதி, சர்க்கரை நோய், ஐ.வி.எஃப்., இரட்டைக் கரு, தானமாகப் பெற்ற கருமுட்டை என்றால் கொடுத்தவரின் வயது, இவை ஒவ்வொன்றும் கணக்கை மாற்றும். படிவத்தை லேப் பையன் நிரப்பினாலும் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை வாசியுங்கள்.

ரிப்போர்ட்டை எப்படி வாசிப்பது

உதாரணமாக, சி.ஆர்.எல். 58.3 மி.மீ., 12 வாரம் 2 நாள், என்.டி. 1.7 மி.மீ. என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் சி.ஆர்.எல். 45–84 க்குள் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் மாதவிடாய் கணக்கோடு ஒப்பிடுங்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பின் விதிப்படி, 8 வாரம் 6 நாள் வரை 5 நாளுக்கு மேல் வித்தியாசம் வந்தாலோ, 9 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரை 7 நாளுக்கு மேல் வந்தாலோ ஸ்கேன் தேதிக்கு மாற வேண்டும். பிரிட்டனில் வித்தியாசம் பார்க்காமல் நேராக ஸ்கேன் தேதியையே எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் டாக்டர் எதைப் பின்பற்றினாலும் சரி, பிரசவத் தேதி ஒன்றே ஒன்றாக முடிவாகி ரிப்போர்ட்டில் எழுதப்பட வேண்டும். இரண்டு தேதி இருந்தால் 'எதை வைத்துக்கொள்வது?' என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

என்.டி.யைத் தனியாக வைத்துப் பார்க்கக் கூடாது. நூறில் 95 குழந்தைகளுக்கு இருக்கும் மேல்வரம்பு, நீளம் 45 மி.மீ. இருக்கும்போது 2.1, 84 ஆகும்போது 2.7. அதனால் 2.5 என்ற அளவு ஒரு குழந்தைக்கு அதிகம், இன்னொரு குழந்தைக்கு இயல்பு. பக்கத்து வீட்டு அக்காவின் ரிப்போர்ட்டோடு ஒப்பிடுவதில் பயனில்லை. 3.5 மி.மீ.யைத் தாண்டினால் மட்டும் நீளம் எதுவானாலும் அதிகம்தான்.

கடைசியில் 1:850, 1:180 என்று ஒரு விகிதம் இருக்கும். 180 பேருக்கு இதே விவரங்கள் இருந்தால் அவர்களில் ஒருவரின் குழந்தைக்குக் கோளாறு இருக்கலாம், 179 பேருக்கு இருக்காது என்று அர்த்தம். பல சென்டர்களில் 1:250-ஐ எல்லைக்கோடாக வைக்கிறார்கள். தாயின் வயது, என்.டி., ரத்தம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் டவுன் சிண்ட்ரோம் உள்ள கருக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை பிடிபடும். கோளாறு இல்லாத நூறு பேரில் ஐந்து பேருக்குத் தேவையில்லாமல் 'ஹை ரிஸ்க்' என்று வரும். ரத்தம் இல்லாமல் வயதும் என்.டி.யும் மட்டும் என்றால் பிடிபடுவது எழுபத்தைந்து, எண்பது.

'ஹை ரிஸ்க்' என்று வந்தால்

அன்று இரவே கூகுளில் தேடி அழாதீர்கள். முதலில் உள்ளே போன விவரங்களைச் சரிபாருங்கள்: பிறந்த தேதி, எடை, சி.ஆர்.எல்., ஸ்கேன் தேதி, ரத்தம் எடுத்த தேதி. தவறு இருந்தால் லேப் அதே ரத்தத்தின் அளவை வைத்து மறுகணக்கு போட்டுத் தரும், மறுபடி ஊசி தேவையில்லை. என்.டி. படத்தில் சந்தேகம் இருந்தால், காலம் இருக்கும்போதே இன்னொரு ஃபீட்டல் மெடிசின் டாக்டரிடம் பார்க்கலாம். ஆனால் குறைந்த எண் வரும்வரை சென்டர் சென்டராக ஏறுவது நல்லதல்ல.

விவரமெல்லாம் சரி என்றால் அடுத்த படி. என்.ஐ.பி.டி. டவுன் சிண்ட்ரோமை நூற்றுக்கு 99 பங்கு பிடிக்கும். இருந்தாலும் அதுவும் வாய்ப்பைச் சொல்லும் சோதனைதான். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடியிலிருந்து சிறு துளி திசு எடுக்கும் சி.வி.எஸ்., 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீர் எடுக்கும் ஆம்னியோசென்டெசிஸ். கைதேர்ந்தவர் செய்தால் இவற்றால் கரு கலையும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. என்.டி. 3.5-க்கு மேல் இருந்தால் என்.ஐ.பி.டி.யோடு நிற்காமல் இந்த உறுதிச் சோதனையையும், பிறகு குழந்தையின் இதய ஸ்கேனையும் பெரும்பாலும் பரிந்துரைப்பார்கள். குரோமோசோமும் இதயமும் மற்ற உறுப்புகளும் இயல்பு என்று தெரிந்துவிட்டால், பின்கழுத்து நீர் அதிகம் இருந்த குழந்தைகளில் பெரும்பாலானவை ஆரோக்கியமாகவே பிறக்கின்றன. இதைச் சொல்லும்போது எதிரில் இருக்கும் முகம் தளர்வதைப் பார்த்திருக்கிறேன். யாரும் இதை அவர்களுக்கு முன்பே சொல்லியிருக்க மாட்டார்கள்.

மொழி தடையாக இருந்தால் 'தமிழில் சொல்ல ஆள் இருக்கிறார்களா' என்று தயங்காமல் கேளுங்கள். பெங்களூரில் அநேகமாக எல்லா ஆஸ்பத்திரியிலும் தமிழ் தெரிந்த ஒரு நர்ஸாவது இருப்பார்.

ஊருக்குப் போகும்போது

வளைகாப்பு முடிந்து சேலத்துக்கோ வேலூருக்கோ தாய்வீடு போகும்போது ஃபைலில் மேலாக இருக்க வேண்டியது இந்த மூன்றாம் மாத ரிப்போர்ட்தான். எட்டாம் மாதத்தில் அங்கே எடுக்கும் ஸ்கேனில் வேறு பிரசவத் தேதி அச்சாகி வரும். அந்தக் காலத்தில் குழந்தைகளின் அளவு ஒன்றுக்கொன்று வெகுவாக மாறும் என்பதால் தேதிக் கணக்கு மூன்று வாரம் வரை பிசகலாம். அதை வைத்துத் தேதியை மாற்றக் கூடாது. குழந்தை இரண்டு வாரம் சிறியதாக இருக்கிறது என்று அந்த ஸ்கேன் சொன்னால், தேதி தள்ளிப்போனது என்று பொருள் கொள்ளாமல், வளர்ச்சி குறைகிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். அதற்கு முதல் ரிப்போர்ட் அவர் கண்ணில் பட்டாக வேண்டும்.

தமிழ்நாட்டில் பிரசவம் என்றால் பிறப்புச் சான்றிதழுக்கு பிக்மி எண் (அரசிடம் கர்ப்பத்தைப் பதியும்போது தரும் எண்) கேட்பார்கள். கடைசி வரை வைத்திருக்காமல் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். பதியும்போது மாதவிடாய் தேதி கேட்டு, அதிலிருந்துதான் பிரசவத் தேதியைக் கணக்கிடுவார்கள். உங்களுக்கு ஸ்கேனில் தேதி மாற்றியிருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் ரிப்போர்ட்டைக் காட்டி, திருத்திய தேதியை ஆஸ்பத்திரி அட்டையிலும் எழுதச் சொல்லுங்கள்.